பவுடர் பூசாத கிளினிக் நாள்

தம்பி, போன ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நீ, "நான் அந்தப் படிப்புக்குப் போகலம்மா. தங்கச்சிக்கு என்ன வருத்தம்னே தெரியாம இருக்கிறப்ப நான் எப்படி வெளிநாட்டுக்குப் போறது?" என்று கேட்டாய். நான், "சாப்பிட்டியா?" என்று கேட்டேன். அதை நீ சம்மதமாக எடுத்துக்கொண்டது உன் குரலில் தெரிந்தது. தவறு. பதில் யோசிக்க அவகாசம் வேண்டுமென்றால் இந்த மலைநாட்டில் எந்தத் தாயும் கேட்கும் கேள்வி அது. தொலைபேசியில் உன்னோடு வாதாட எனக்கு விருப்பமில்லை. மற்றவர்கள் பேசி முடிக்கும்வரை வாய் திறக்காமல் இருப்பதையே தொழிலாகப் படித்தவன் நீ. உன்னிடம் பேசினால் என்னை நானே தோற்கடித்துக்கொள்வேன். ஆனால் ஓய்வுபெறும்வரை பொகவந்தலாவையில் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கட்டுரை எழுதக் கற்றுக்கொடுத்தவள் நான். அதனால் எழுதுகிறேன். எல்லாரும் படிக்கும்படி எழுதுவதற்கும் காரணம் இருக்கிறது. பெயர் தெரியாத நோயோடு வாழும் ஒவ்வொரு குடும்பமும் தன்னைப்போல் இன்னொரு குடும்பம் இல்லை என்றே நினைக்கிறது என்று நீதான் உன் ஆய்வில் எழுதினாய். உன் தங்கை சுபாவிடம் அனுமதி கேட்டேன். "என் பேரையே போடுங்கம்மா. வருத்தத்துக்குத்தான் பேரு இல்ல, எனக்கு இருக்குதானே" என்றாள்.

அவள் வருத்தத்துக்குப் பெயரே இல்லை என்பதும் முழு உண்மை அல்ல. பெயர்கள் தாராளமாகக் கிடைத்தன. ஒன்றும் ஒட்டவில்லை, அவ்வளவுதான். சின்ன வகுப்பில் படிக்கும்போது ஒருநாள் பள்ளிக்கூடத்துக் காலைக் கூட்டத்தில் நின்றவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். எழும்ப முடியவில்லை. மறுநாள் ஓடினாள். அன்றிலிருந்து இன்றுவரை அவள் கால்கள் சில நாள் அவள் சொல்வதைக் கேட்கும், சில நாள் கேட்காது; மோசமான நாளில் கைகளும் சேர்ந்துகொள்ளும். தோட்டத்து டிஸ்பென்சரியில் பூச்சி என்றார்கள். பூச்சி மருந்து கொடுத்தோம். பூச்சிகள் இருந்திருந்தால் அவை நிச்சயமாகச் செத்திருக்கும். ஹட்டனில் ஒருவர் வளரும் வயது என்றார்; அவள் இரண்டு அங்குலம் வளர்ந்த பிறகு அதே மனிதர் சத்துக் குறைவு என்றார். இன்னொருவர் பரீட்சைப் பயம் என்றார். அப்போது அவள் பரீட்சை வைக்கும் வகுப்புக்கே வந்திருக்கவில்லை. கோயிலில் சாமியாடியவர் முனி என்றார். முனி மறுப்பு எதுவும் தெரிவிக்கவில்லை. கொழும்பிலிருந்து வந்த உன் மாமா, தண்ணீர் குடிப்பது போதாது என்றார். அவர் தண்ணீர்க் குழாய் விற்கிறவர். கடைசியில் கண்டியில் ஒரு பெரிய கிளினிக்குக்குப் போகத் தொடங்கினோம். அங்கே எடுத்த சோதனைகள் எல்லாமே நன்றாக வந்தன. "ஒன்றும் இல்லை" என்றார்கள். கிடைத்த பெயர்களிலேயே எங்களை அதிகம் களைக்கவைத்தது அதுதான். ஒன்றும் இல்லாத பிள்ளையை முதுகில் சுமந்துகொண்டு உன் அப்பா பஸ் நிலையத்துக்கு நடந்தார்.

இங்கே பவுடரைப் பற்றிச் சொல்லவேண்டும். தோட்டத்து மக்கள் எந்த மேசையின் முன்னாலும் இருந்த கோலத்தில் போய் நிற்கமாட்டார்கள். துரையின் ஆபீசானாலும் சரி, கிராம சேவகர் வீடானாலும் சரி, ஆஸ்பத்திரியானாலும் சரி, குளித்து, இருப்பதில் நல்லதை உடுத்தி, தலைக்கு எண்ணெய் வைத்து, பிள்ளையின் முகத்தில் பவுடர் பூசித்தான் போவார்கள். கசங்கிய உடுப்போடு வந்தவளிடம் "அந்தப் பக்கம் போய் நில்" என்று சொல்லப்படுவதை ஒவ்வொரு தாயும் ஒரு தடவையாவது பார்த்திருக்கிறாள். நான் ஆசிரியை வேறு. மற்றவர்களைவிட ஒரு பூச்சு அதிகம். கிளினிக்குக்கு முதல் நாள் சுபாவைக் கட்டிலைவிட்டு இறங்க விடமாட்டேன். பஸ்ஸுக்கு அப்பா தூக்கிக்கொண்டு போவார். பஸ்ஸில் மடியில் படுக்கவைப்பேன். இப்படிச் சேர்த்துவைத்த பலத்தையெல்லாம் வைத்தியரின் அறை வாசலில் இறக்கிவிட்டு, "டொக்டர் முன்னால நேரா நட, பாப்பா" என்று காதில் சொல்வேன். அவளும் ரோஷக்காரி. ரிப்பன் ஆட, வாசலிலிருந்து நாற்காலி வரை தீபாவளிக்குப் போவதுபோல் நடந்து, வணக்கம் சொல்லி உட்காருவாள். வைத்தியர் சந்தோஷமாக எழுதிக்கொள்வார். திரும்பி வரும் வழியில் அவள் கால்கள் துணிபோலாகிவிடும். அதைப் பார்ப்பதற்கு அங்கே பஸ் கண்டக்டரைத் தவிர எந்த நிபுணரும் இல்லை.

இந்தக் கிளினிக் நாடகத்தில் உனக்கும் ஒரு பாத்திரம் இருந்தது. கிளினிக்கில் எல்லாம் சிங்களத்தில்தான் நடக்கும். உன் அப்பாவின் சிங்களம் சந்தைக்குப் போதும், நோய்க்குப் போதாது. என் சிங்களம் புத்தகத்தில் படித்தது. நான் பேசினால் நர்ஸ்மார் மரியாதையாகக் கேட்டுவிட்டு, நான் என்ன சொன்னேன் என்று உன்னிடம் கேட்பார்கள். அதனால் மீசை முளைப்பதற்கு முன்பே நீ எங்கள் மொழிபெயர்ப்பாளன். மற்றப் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடும்போது, தசைக்கும் நரம்புக்கும் சிங்களத்தில் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டாய். அப்போதே ஒரு விஷயத்தைக் கவனித்தேன். வைத்தியர் சொன்னதை எங்களுக்குச் சொல்லிவிட்டு நீ நிறுத்தமாட்டாய். "அவங்க எங்களப் பாக்காம கடிதாசியப் பாத்துக்கிட்டே சொன்னாங்கம்மா" என்பதையும் சேர்த்துச் சொல்வாய். அதை யாரும் உன்னிடம் கேட்கவில்லை. இன்று அதற்குப் பல்கலைக்கழகத்தில் ஒரு துறையே இருக்கிறதாம்.

ஆகவே, அரிய நோயும் பெயர் தெரியாத நோயும் உள்ள பிள்ளைகளின் குடும்பங்கள் சிகிச்சையை எப்படி அனுபவிக்கின்றன என்று ஆராயப்போகிறேன் என்று நீ சொன்னபோது நான் ஆச்சரியப்படவில்லை. அப்பாதான் ஆச்சரியப்பட்டார். "அதுக்கு நம்ம வீட்டுக்கு வந்தாலே போதுமே" என்றார். சொந்தக் குடும்பத்தை ஆராயக்கூடாது என்று நீ விளக்கினாய். "பின்ன, யாரோட குடும்பத்த ஆராயணும்? நம்மளுக்கு மத்தவங்களயும் தெரியாதே" என்றார். தெரியாதவர்களைத் தேடித்தான் நீ புறப்பட்டாய். மஸ்கெலியா, உடப்புசல்லாவை, ராகலை என்று பஸ் போகும் இடமெல்லாம் போனாய். பஸ் நின்ற இடத்திலிருந்து தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களுக்கு ஏறினாய். முதல் சுற்று முடிந்து வீட்டுக்கு வந்தபோது உன் முகத்தைப் பார்த்து, யாரோ உன்னை அடித்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். "எல்லாரும் நல்லம்னு சொல்றாங்கம்மா" என்றாய். "டொக்டரும் நல்லம், கிளினிக்கும் நல்லம், வரிசையில நிக்கிறதும் நல்லம். ஒரு அம்மா பஸ்ஸக்கூட நல்லம்னுட்டாங்க."

அப்பா சிரித்த சிரிப்பில் பிளேன்டீ சிந்தியது. "ஒனக்கு உக்காரக் கதிரை குடுத்தாங்களா?" என்று கேட்டார். கொடுத்தார்கள் என்றாய். "அதுல மடிச்ச துண்டு போட்டாங்களா? சோடா குடுத்தாங்களா? தட்டுல பிஸ்கட்டு?" எல்லாம் நடந்தது என்றாய். "அப்பறம் எப்படிடா உண்மையச் சொல்லுவாங்க? காலைல பேரு பதியிற பெரட்டுல வரிசையா நின்னு, கையில பேப்பர் வச்சிருக்கிறவரு கேக்கிறதுக்கெல்லாம் ஆமாங்கன்னு சொல்லித்தான் நம்ம சனம் வேலை வாங்கியிருக்கு. நீயும் பேப்பரோட போய் நிக்கிற. ஒனக்கு மட்டும் என்ன வித்தியாசமாச் சொல்லுவாங்க?" நீ கோபித்துக்கொள்ளவில்லை. யோசித்தாய். உன்னிடம் எனக்குப் பிடித்ததை எழுதத் தொடங்கினால் இந்த இடத்திலிருந்துதான் தொடங்குவேன். படித்தவர்கள் பலருக்கு, தான் கேட்ட கேள்வி பிழை என்று தெரிந்ததும் பதில் சொன்னவர்கள்மீது கோபம் வரும். உனக்கு வரவில்லை. அடுத்த சுற்றில் பேப்பரைப் பையில் வைத்துக்கொண்டு, கதிரையைத் திண்ணமாக மறுத்துவிட்டு, தரையில் உட்கார்ந்தாயாம். அதற்கும் பெரிய பலன் இல்லை. துண்டைத் தரையில் விரித்துவிட்டார்கள்.

உன் ஆய்வை உண்மையில் தொடங்கிவைத்தது ஒரு குடை. உடப்புசல்லாவையில் பார்வதி என்ற அம்மாவின் ஒற்றையறைக் காம்பராவுக்குப் போனாய். அவளுடைய மகனுக்கும் பெயர் தெரியாத ஏதோ ஒன்று. பையன் வெள்ளைச் சட்டை போட்டு, முகம் முழுக்கப் பவுடரோடு, மாப்பிள்ளைபோல் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னான். தாயும் எல்லாம் நல்லம் என்றாள். நீ விடைபெற்று, கால்வாசி இறக்கம் இறங்கிய பிறகு மழை பிடித்தது. குடையை மறந்தது தெரிந்து திரும்பிப் போனாய். கதவு திறந்திருந்தது. பையன் சட்டையில்லாமல் தரையில் கிடந்தான். கழுத்து ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. பார்வதி அவன் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். உன்னைக் கண்டதும் திருடியவள்போல் எழுந்து நின்றாளாம். "சேர் வர்றீங்கன்னு காலைலேருந்து அசைய விடாம படுக்க வச்சிருந்தேங்க. அப்பத்தான் கொஞ்ச நேரமாச்சும் நல்லா இருப்பான். டொக்டர்கிட்டப் போறப்பயும் அப்படித்தாங்க கூட்டிட்டுப் போறது. நீங்க தப்பா நெனைக்கக் கூடாது." நீ குடையை எடுக்கவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து பையனின் தலையைப் பிடித்துக்கொண்டாய். அதன் பிறகு மழை விடும்வரை அவள் பேசினாள். நீ எழுதிக்கொள்ளவும் இல்லை. ஒரு கை பையனின் தலைக்குக் கீழே இருந்ததாம்.

அன்று வீட்டுக்கு வந்தவன் சாப்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டு, ஜன்னல் ஓரத்தில் இருந்த பவுடர் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு என்னிடம், "அம்மா, கிளினிக்குக்கு முதல் நாள் சுபாவ என்ன செய்வீங்க?" என்று கேட்டாய். கேள்வி எங்கே போகிறது என்று தெரியாமல், கெட்டிக்கார மாணவிபோல் ஒன்றும் விடாமல் ஒப்பித்தேன்: ஓய்வு, குளிப்பு, ரிப்பன், மடி, வாசலில் இறக்கிவிடுவது. சொல்லிக்கொண்டு வரும்போதே பாதியில் எனக்குப் புரிந்துவிட்டது. இத்தனை வருடங்களாக அந்த வைத்தியர்கள் பார்த்தது நோயாளியை அல்ல. நான் தயாரித்து அனுப்பிய ஆரோக்கியமான பிள்ளையை. நல்ல தயாரிப்பு என்று இப்போதும் சொல்வேன். நீ அன்று என்னிடம், "ஏன் இப்படிச் செஞ்சீங்க?" என்று கேட்கவில்லை. கேட்டிருக்கலாம், உனக்கு உரிமை இருந்தது. "இதேதாம்மா எல்லா வீட்டுலயும் நடக்குது" என்றாய். ஒரு தாயைத் தனியாக நிறுத்தாமல் எல்லாத் தாய்மாரோடும் சேர்த்து நிற்கவைத்தாய். ஆறுதல் சொல்ல உனக்கு வராது என்று உன் அப்பா அடிக்கடி சொல்வார். அன்று அவர் வீட்டில் இல்லை.

உன் முடிவுகளை வைத்தியர்கள் முன்னால் வாசித்த நாளில், மண்டபத்தின் கடைசி வரிசையில் நாங்கள் இருவரும் உட்கார்ந்திருந்தோம். நான் பட்டுப்புடவை, அப்பா சட்டையின் கழுத்துப் பொத்தானையும் போட்டு மூச்சுத் திணறிக்கொண்டிருந்தார். நீ கண்டுபிடித்ததை, நீ வாய் திறப்பதற்கு முன்பே நாங்கள் நிரூபித்துக்கொண்டிருந்தோம். கிளினிக் பார்ப்பது பிள்ளையின் மிக நல்ல நாளை மட்டும்தான் என்றாய். மோசமான நாள் லயத்திலும் பஸ்ஸிலும் தங்கிவிடுகிறது என்றாய். இருந்த கோலத்தில் வரலாம் என்று முதலில் கிளினிக் சொல்லவேண்டும், வந்தவர்களைக் கடைசிக்கு அனுப்பாமல் அதை நிரூபிக்கவேண்டும், வரமுடியாத நாளைத் தொலைபேசியில் படம்பிடித்து வரச் சொல்லவேண்டும் என்றாய். அப்போது முன்வரிசையில் நரைத்த தலையுள்ள ஒரு வைத்தியர் எழுந்தார். "அப்படியானால் நோயாளிகள் எங்களை ஏமாற்றுகிறார்கள் என்றா சொல்கிறீர்கள்?" என்று சிங்களத்தில் கேட்டார். "இல்லை சேர். உங்களுக்கு மரியாதை செய்கிறார்கள்" என்றாய். சிலர் சிரித்தார்கள். பிறகு அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. அப்பா என் முழங்கையை இடித்து, "என்னா சொன்னான்?" என்று கேட்டார். சொன்னேன். கழுத்துப் பொத்தானைக் கழற்றிவிட்டார்.

ஊருக்கெல்லாம் சொன்னதை நீ வீட்டில் மட்டும் வற்புறுத்தவில்லை. மோசமான நாளில் படம் எடுக்கலாமா என்று சுபாவிடம் ஒரே ஒரு தடவை கேட்டாய். "நான் விழுந்து கெடக்கிறத ஒருத்தரும் படம் எடுக்கத் தேவையில்ல" என்றாள். அதோடு விட்டுவிட்டாய். அவள் இருந்த இடத்தில் உட்கார்ந்து பக்கத்து லயத்துப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பவள். அந்தப் பிள்ளைகளுக்கு அவள் "டீச்சர்". விழுந்து கிடக்கும் டீச்சரை அவள் யாருக்கும் காட்டத் தயாராக இல்லை. பிறகு அவளுடைய இரத்தத்தை வெளிநாட்டுக்கு அனுப்பிச் சோதித்தார்கள். நீ அதைப் பெரிதாக நம்பினாய். இப்போதைக்குத் தெரிந்த நோய் எதுவும் அதில் இல்லை என்று பதில் வந்தது. அதே கிழமையில்தான் உனக்குப் படிப்புக்கு இடம் கிடைத்த செய்தியும் வந்தது. நீ இரண்டையும் கூட்டிக் கழித்து, போகவில்லை என்று ஞாயிற்றுக்கிழமை தொலைபேசி எடுத்தாய். பேச்சு ஒலிபெருக்கியில் இருந்தது. சுபா கேட்டுக்கொண்டிருந்தாள்.

தொலைபேசியை வைத்ததும் அவள் சொன்னாள்: "அண்ணன் எனக்காகப் போகாம நின்னுட்டா, அப்பறம் இந்த வீட்டுல ரெண்டு பேருக்கு நடக்க ஏலாது." பிறகு, "இந்தத் தடவை கிளினிக்குக்கு அண்ணனைக் கூப்பிட வேணாம். நாங்களே போவோம். நான் பேசுறேன்" என்றாள். எந்த மொழியில் என்று கேட்டேன். "சிங்கள நாடகம் தெனமும் பாக்கிறேன்தானே" என்றாள். நாடகத்தில் எல்லாரும் அழுதுகொண்டுதானே பேசுகிறார்கள் என்றேன். "ஆஸ்பத்திரிக்கு அதுதாம்மா சரியா வரும்." ஆகவே, கிளினிக் நாள் தள்ளிப்போனதாக உனக்கு நான் அனுப்பிய செய்தி பொய். மன்னித்துக்கொள். மொழிபெயர்ப்பாளனை வேலையைவிட்டு நிறுத்துவதற்கு வேறு வழி தெரியவில்லை.

கிளினிக்குக்கு முதல் நாள் அவள் படுக்கவில்லை. நான் கட்டிலைத் தட்டிப்போட்டும் அவள் அந்தப் பக்கமே வரவில்லை. துணி துவைத்தாள், பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தாள், என் சொல்லைக் கேட்காமல் பசார் வரை நடந்துபோய் வந்தாள். காலையில் பவுடர் டப்பாவோடு நான் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேணாம்மா. இன்னைக்கு நான்தான் போறேன்." வீட்டில் உடுத்தும் கவுனும் ஒரு சுவெட்டரும். இப்படி ஒரு பிள்ளையை வெளியே கூட்டிக்கொண்டு போகிறேனே என்று எனக்குத்தான் உடம்பு கூசியது. ஹட்டனில் பஸ் மாறும்போது கால்கள் இழுக்கத் தொடங்கின. கினிகத்தேனை தாண்டியதும் கைகள் குளிர்ந்தன. கண்டியில் இறங்கியபோது அவளால் நிற்க முடியவில்லை. அப்பா வழக்கம்போல் குனிந்து முதுகைக் காட்டினார். "இந்தத் தோள் தூக்குன கொழுந்துச் சாக்கு ஒன்னாச்சும் எங்கிட்டப் பேசினதில்ல. இது ஒன்னுதான் வழியெல்லாம் பேசிக்கிட்டே வருது" என்றார். கிளினிக் வாசல் வந்ததும் அவள், "இறக்கி விடுங்கப்பா, சக்கர நாற்காலி கேளுங்க" என்றாள். இத்தனை வருடங்களில் அந்த நாற்காலியை அவள் தொட்டதே இல்லை என்பது உனக்குத் தெரியும். அப்பாவுக்கு மூச்சு வாங்கியதை முதுகில் இருந்தபடியே கணக்குப் பார்த்திருக்கிறாள்.

நர்ஸ் அவளை அடையாளம் கண்டு, "என்ன மகள், இன்றைக்கு இப்படி வந்திருக்கிறாய்?" என்று சிங்களத்தில் கேட்டார். சுபா, "இல்ல மிஸ், இன்றைக்குத்தான் ஒழுங்காக வந்திருக்கிறேன்" என்றாள். நாடகச் சிங்களம்தான், ஆனால் அழவில்லை. நர்ஸ் சிரிக்கவில்லை. எங்களை வரிசையின் கடைசிக்கும் அனுப்பவில்லை. அது உன்னால் நடந்ததா என்று எனக்குத் தெரியாது. உன்னால்தான் என்று அப்பா சாட்சி சொல்லத் தயாராக இருக்கிறார். எப்போதும் அவளைப் பார்க்கும் டொக்டர் அம்மா வழக்கம்போல் தாள்களைப் பார்த்தபடி, "எழும்பி நட, பார்ப்போம்" என்றார். சுபா முயன்றாள். மேசையைப் பிடித்தாள், பாதி எழுந்தாள், விழுந்தாள். நான் ஓடிப்போய்ப் பிடிக்கவில்லை, தம்பி. பிடிக்கக்கூடாது என்று காலையிலேயே என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். உன் ஆய்வில் "குடும்பத்தின் பங்கு" என்று ஓர் அத்தியாயம் வைத்திருக்கிறாயே, அதில் இதையும் சேர்த்துக்கொள்: என் பங்கு, இரண்டு கைகளையும் சேலைக்குள் இறுக்கிக்கொண்டு நின்றது.

டொக்டர் எழுந்து மேசையைச் சுற்றி வந்தார். அந்த மேசைக்கு இந்தப் பக்கமும் ஓர் இடம் இருக்கிறது என்று அன்றுதான் கண்டேன். தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து பாதங்களைப் பிடித்துப் பார்த்தார். மறுபடி முயலச் சொன்னார். இளம் வைத்தியர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். "இது எத்தனை நாளாக?" என்று கேட்டார். "டொக்டர் என்னைப் பார்க்கத் தொடங்குவதற்கு முன்பிருந்து" என்றாள் உன் தங்கை. வெகுநேரம் பார்த்த பிறகு அவர், "மம தன்னே நே" என்றார். எனக்குத் தெரியாது என்று. அதோடு நிறுத்தவும் இல்லை. எனக்குத் தெரியாது, ஆனால் நீ தொடர்ந்து வா, இப்படியே வா, நான் தேடுகிறேன் என்றார். எங்கே உன் அண்ணன், கேள்வி கேட்கிறவர், என்றும் விசாரித்தார். "அவர் வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிறார்" என்று கண் இமைக்காமல் சொன்னாள். அரசாங்க வைத்தியரிடம் பொய் சொல்லக்கூடாது. அதை உண்மையாக்குவது இப்போது உன் கையில் இருக்கிறது.

வெளியே வந்ததும் அவள் அப்பாவின் கையைப் பிடித்து, "தெரியாதாம்ப்பா! தெரியாதுன்னுட்டாங்க!" என்று பரீட்சையில் முதலாவதாக வந்தவள்போல் சொன்னாள். அப்பா குழம்பிப்போய், "அதுக்கா இவ்வளவு சந்தோசம்?" என்று கேட்டார். "இவ்வளவு நாளும் ஒன்னும் இல்லன்னாங்கப்பா. ஒன்னும் இல்லன்னா நான் பொய் சொல்றேன்னு அர்த்தம். தெரியாதுன்னா எனக்கு வருத்தம் இருக்கு." ஹட்டன் பஸ் நிலையத்தில் இஞ்சி போட்ட பிளேன்டீ குடிக்கும்வரை அப்பா அதை யோசித்துக்கொண்டே வந்தார். பிறகு, "நம்ம பயலும் இதத்தான் அந்த மண்டபத்துல சொன்னானா?" என்று கேட்டார். இதைத்தான் என்றேன். "நான் அப்ப அந்த மரியாதைன்னு சொன்னத மட்டுந்தான் புரிஞ்சிக்கிட்டேன்" என்றார். அதுவே பாதி என்றேன்.

இப்போது நான் கேட்பதைக் கேள். நீ போனால் சுபா நடப்பாள் என்று சொல்லமாட்டேன். நீ போனால் எங்களுக்கு ஒன்றும் ஆகாது என்றும் சொல்லமாட்டேன். அது கதிரையில் துண்டு போட்டுச் சொல்லும் பதில். அப்பாவின் முதுகு இனி அதிக நாள் தாங்காது. வீட்டுப் படியில் சக்கர நாற்காலி இறங்காது; அதற்கு என்ன செய்வதென்று அவரும் பக்கத்து வீட்டாரும் இப்போதே சீமெந்துச் சரிவு கட்டும் பேச்சில் இருக்கிறார்கள். நீ இல்லாத கிளினிக் நாள்கள் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் நடக்கும். உன் தங்கையின் நோய்க்குப் பெயர் கிடைக்கும்வரை நீ காத்திருப்பதாகச் சொன்னாய். அது எப்போது கிடைக்குமென்று அந்த டொக்டருக்கே தெரியாது, அதை அவரே சொல்லிவிட்டார். பெயர் தேடுவது அவர் வேலை. பெயர் கிடைக்காத நாள்களில் குடும்பங்கள் எப்படி வாழ்கின்றன என்று கேட்பது உன் வேலை. அதை உன்னளவுக்குப் பொறுமையாகக் கேட்கும் இன்னொருவரை நான் பார்த்ததில்லை. நான் உன் தாய் என்பதைக் கழித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். கழித்த பிறகும் நிறைய மிஞ்சுகிறது.

அங்கேயும் மனிதர்கள்தான் இருப்பார்கள். அவர்களிடமும் ஏதாவது ஒரு பவுடர் இருக்கும். யாராவது எல்லாம் நல்லம் என்று சொன்னால் நம்பிவிடாதே. குடையை அங்கேயே வைத்துவிட்டு வா. உடுப்புக் குளிருக்கு ஏற்றதாக இருக்கட்டும். நுவரெலியாக் குளிரைப் பார்த்தவன் என்ற பெருமை அங்கே செல்லாது. இன்னொன்று முக்கியம். தொலைபேசியில் எங்களைக் கூப்பிடும்போது தலை வாரி, வெளிச்சம் பார்த்து, பின்னால் சுவர் சுத்தமாகத் தெரியும்படி உட்கார்ந்து, "நான் நல்லா இருக்கேம்மா" என்று சொல்லாதே. அந்தத் தயாரிப்பு எல்லாம் எனக்குத் தெரியும், நான் செய்யாததா? மோசமான நாளிலும் கூப்பிடு. நாங்களும் அப்படியே கூப்பிடுகிறோம். சுபா ஒத்துக்கொண்டாள். விழுந்து கிடந்தால் விழுந்து கிடந்தபடியே பேசுவாளாம். உனக்கு மட்டும்.

விமான நிலையத்துக்கு மூவரும் வருவோம். வான் பிடிப்பது அப்பாவின் பொறுப்பு. அன்றைக்கு நல்ல சுடிதார் போட்டு, தலை பின்னி, முகத்துக்குப் பவுடரும் பூசிக்கொண்டு வரப்போவதாக உன் தங்கை சொல்கிறாள். "ஏண்டி, பவுடர் வேணாம்னு என்கிட்ட அவ்வளவு பேசினியே?" என்று கேட்டேன். "அது டொக்டருக்கும்மா. என் மோசமான நாளெல்லாம் அண்ணனுக்கு மனப்பாடம். போறப்ப ஒரு நல்ல நாளைப் பாத்துட்டுப் போகட்டும். வாசல் வரைக்கும் நான் நடந்து வருவேன்" என்றாள்.

ஆகவே பயணத் தேதியைச் சீக்கிரம் சொல். அதற்கு முதல் நாள் அவள் படுத்திருக்கவேண்டும்.